நாலில், நடுவால்: ஒரு கிற்றார் அட்டவணையும் அதன் சொந்தக்காரர்களும்

(இணையவழி மாதச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைக் கூடியவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)



போன மாதம் தோழர் ஒருவர் கேட்டார், "நீ பார்சலோனாவுக்குப் படிக்கப் போய் கிற்றார் அடிச்சுக்கொண்டு திரியிறியாம், அதைப் பற்றி ஒருக்கால் கதையன்" எண்டு. பகிடியாய்த்தான் கேட்டார். ஆனால் எனக்கு அது நல்ல சந்தர்ப்பமாய்ப் போச்சு. ஏனென்றால் கடந்த இரண்டு வருடமாக நாங்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு பொதுச் சேகரிப்பைச் செய்துகொண்டிருக்கிறோம். அதில் நாங்கள் பிடித்த சண்டைகள் இந்தக் கூட்டுக்குள்ளும் அடிக்கடி வருகிற சண்டைகள்தான். பொது என்றால் என்ன, யாருக்குப் பொது, யாரைக் கேட்டுப் பொது?

என்ர தமிழ் வீட்டில் பழகின தமிழ். இடையில் சொல் வராமல் நிண்டால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

நாங்கள் சேகரிப்பது பிளமெங்கோ கிற்றாரில் கோர்ட்களுக்கு விரல் வைக்கிற முறைகளை. கோர்ட் எண்டவுடன் நீதிமன்றத்தை நினைக்காதேங்கோ. சில சுரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்க விடுவதுதான் கோர்ட். அதை ஆறு இலக்கத்தில் எழுதலாம். தடித்த தந்தியில் தொடங்கி மெல்லிய தந்தி வரை, தந்திக்கு ஒரு இலக்கம். 0 என்றால் விரல் வைக்காமல் திறந்து விடுவது. 2 என்றால் இரண்டாவது மெட்டில் அழுத்துவது. வீணையில் மெட்டு என்கிற குறுக்குக் கம்பிதான் இங்கேயும். × என்றால் அந்தத் தந்தியைத் தொடாதே.

உதாரணத்துக்கு 0-2-3-1-0-0. இது "மி" என்கிற கோர்ட். ஆனால் அதற்குள்ளே பக்கத்துச் சுரமான "ஃபா" ஒன்றும் வந்து உட்கார்ந்திருக்கு. மேற்கத்தைய இசைப் பாடத்தில் இது உரசல். பிளமெங்கோவில் இதுதான் வீடு. பாட்டு எங்கே சுற்றினாலும் இந்த உரசலுக்குத்தான் திரும்பி வரும்.

இந்த வகுப்பு எங்கே நடக்குது என்று சொல்லவேணும். பார்சலோனாவின் புறநகரில், ஒரு குடியிருப்பாளர் சங்கத்தின் பின் அறையில், வியாழன் இரவு. பிளமெங்கோ அந்தலூசியாவின் இசை. செவில்லியாவின் திரியானா, ஹெரெஸ், காதிஸ் என்று தெற்கு ஊர்களின் இசை. அது எப்படி வடக்கே கத்தலோனியாவுக்கு வந்தது? வேலை தேடி வந்தவர்களோடு வந்தது. 1950களிலும் 60களிலும் பல லட்சம் அந்தலூசியர்கள் இங்கே தொழிற்சாலைகளுக்கும் கட்டட வேலைக்கும் வந்தார்கள். கொர்னெய்யா, பதலோனா, ஒஸ்பித்தலெத் போன்ற இடங்கள் அவர்களால்தான் நிரம்பின. அதற்கு முன்னரேயே கடற்கரையோரம் சொமொர்ரொஸ்த்ரோ என்று ஒரு குடிசைப் பகுதி இருந்தது. உலகப் புகழ்பெற்ற நடனக்காரி கார்மென் அமாயா அங்கே பிறந்தவர். 1966 இல் பிராங்கோ வருகிறார் என்று அந்தக் குடிசைகளை இடித்துத் தள்ளினார்கள். ஆகவே இங்கே பிளமெங்கோ என்பது இடம்பெயர்ந்த தொழிலாளிகளின் பொருள். சுற்றுலாக்காரருக்குச் சிவப்புப் புள்ளிச் சட்டையோடு விற்கிறது வேறு கதை.

எங்களுக்குச் சொல்லித் தருகிறவர் ஹாயென் மாகாணத்தில் இருந்து பதினாறு வயதில் வந்தவர். முப்பது வருடம் கார்த் தொழிற்சாலையில் வேலை. எல்லாரும் அவரை "மாயெஸ்த்ரோ" எண்டு கூப்பிடுவினம். எனக்கு அது "மாஸ்டர்" எண்டுதான் காதில் விழும். அப்படியே சொல்லுறன். மாஸ்டருக்கு நொட்டேஷன் வாசிக்கத் தெரியாது. இரண்டு வருடத்துக்கு முன்னர் அவருடைய இடது கை மோதிர விரல் மடங்காமல் வரத் தொடங்கிற்று. ஒரு வியாழன் ஒரு கோர்ட்டைக் காட்டப் போய், விரல் எட்டவில்லை. கையை மடியில் வைத்துவிட்டு, "இதை யாருக்காவது காட்டியிருக்கிறனா?" எண்டு கேட்டார். ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லை. அன்றைக்கு இரவே நான் ஒரு அட்டவணையைத் திறந்து எல்லாருக்கும் அனுப்பினேன். ஆளாளுக்கு அவரிடம் படித்ததை எழுதிப் போடுங்கோ எண்டு.

ஆறு மாதத்தில் 140 வரி சேர்ந்தது. எனக்குப் பெரிய சந்தோசம். ஆனால் அந்த அட்டவணை பாதி பிழை. அதுவும் என்னால் வந்த பிழை.

முதல் பிழை சிரிப்பான பிழை. ஸ்பெயினில் சுரங்களுக்குத் தோ, ரே, மி, ஃபா, சோல், லா, சி என்று பெயர். ஆங்கிலத்தில் ஏ, பி, சி. மாஸ்டர் "சி" எண்டு சொன்னால் அது ஆங்கிலத்துப் "பி". என்ர மண்டைக்குள் விழுந்தது ஆங்கிலத்துச் "சி". கிரனாயினா என்கிற வகைக்கு வீடு ஸ்பானிய "சி". நான் அதை முழுக்க ஆங்கிலச் "சி" யின் கீழ் போட்டுவிட்டேன். இலக்கங்கள் சரி, தலைப்பு பிழை. மூன்று கிழமை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

இரண்டாவது பிழை சிரிப்பில்லை. அதைச் சொல்ல முதல் ஒரு விசயம் விளங்கவேணும். கிற்றாரின் கழுத்தில் குறுக்கே ஒரு பட்டை பூட்டுவார்கள், செஹியா என்று பெயர். பூட்டினால் எல்லாத் தந்தியும் ஒரேயடியாய்ச் சுருதி கூடும். பாடுகிறவரின் குரலுக்கு ஏற்ப அதை ஏற்றி இறக்கலாம். ஆனால் கை வைக்கிற வடிவம் மாறாது. அதனால் பிளமெங்கோக்காரர் சுரத்தின் பெயரால் பேசுவதில்லை, கையின் இடத்தால் பேசுவார்கள். "போர் அர்ரிபா", மேலால் என்றால் "மி" வடிவம். "போர் மேதியோ", நடுவால் என்றால் "லா" வடிவம். பாடுகிறவர் வந்து இருந்தவுடன் "அல் குவாத்ரோ, போர் மேதியோ" என்பார். நாலில், நடுவால். நாலாவது மெட்டில் பட்டையைப் பூட்டு, "லா" வடிவத்தில் வாசி. அவ்வளவுதான். அந்த நாலு சொல்லில் முழு ஏற்பாடும் முடிந்தது.

என்ர அட்டவணை இதைக் கணக்கில் எடுக்கவில்லை. காதில் கேட்கிற சுரத்தின் பெயரில்தான் அடுக்கியிருந்தேன். அதுதான் "விஞ்ஞானபூர்வம்" எண்டு நினைச்சன்.

எங்களோடு ஒரு அக்கா பாடுகிறவ. ஹிதானோ குடும்பம், பாட்டு வீட்டிலேயே இருந்தது. ஒரு ஒத்திகையில் எக்குவதோரில் இருந்து வந்த பெடியன் ஒருத்தன் அவவுக்கு முதல் தடவையாக வாசிக்கப் போனான். அவன் ரொக் இசைக்குழுவில் இருந்து வந்தவன், சுரத்தின் பெயரால்தான் யோசிப்பான். அக்கா "நாலில், நடுவால்" எண்டா. அவன் லாவில் இருந்து நாலு படி கூட்டி எண்ணினான்: சி பெமோல், சி, தோ, தோ ஷார்ப். கணக்கு சரிதான். கைபேசியில் எங்கட அட்டவணையைத் திறந்து "தோ ஷார்ப்" எண்டு தேடினான். வந்தது என்ன? ரொந்தேஞா. அது வேறு உலகம். ஆறாவது தந்தியை "ரே" க்கும் மூன்றாவது தந்தியை "ஃபா ஷார்ப்" புக்கும் இறக்கி வைத்து வாசிக்கிற தனி வாசிப்பு. ராமோன் மொந்தோயா என்கிற பெரிய கலைஞர் 1936 இல் பாரிசில் ஒலிப்பதிவு செய்தது. அந்தச் சுருதிக்கு எழுதின விரல்களைச் சாதாரணச் சுருதியில், பட்டையும் பூட்டி வைத்தால் எப்படி இருக்கும்? அக்கா இரண்டாவது வரியில் நிற்பாட்டினா. பெடியனின் முகம் சிவந்துபோச்சு. மாஸ்டர் மெல்லமாய், "சும்மா லா தான், மகன்" எண்டார்.

அக்கா அவனைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தா. "இதை நீ யாருக்கு எழுதினனீ?" எண்டு கேட்டா.

எனக்குப் பதில் இல்லை. உண்மையில் நான் என்னைப் போன்ற ஆளுக்கு எழுதியிருந்தேன். கணினியில் தேடுகிற, சுரத்தின் பெயர் தெரிஞ்ச, அந்த அறைக்கு வெளியே இருக்கிற ஆளுக்கு. மாஸ்டரால் அந்த அட்டவணையில் தன்ர கோர்ட் ஒன்றைக்கூடக் கண்டுபிடிக்க முடியாது. அவர் "ஃபா" எண்டு சொல்கிற 1-3-3-2-0-0, அட்டவணையில் "ஃபா மேஜர் செவன் ஷார்ப் லெவன்" எண்டு இருந்தது. வேறு இரண்டு பேர் அதையே வேறு இரண்டு பெயரில் மறுபடி ஏற்றியிருந்தார்கள்.

ஆகவே முழுதையும் கலைத்து மறுபடி அடுக்கினோம். முதல் நிரல், கை இருக்கிற இடம்: மேலால், நடுவால், கிரனாயினா, தராந்தா, ரொந்தேஞா. இரண்டாவது, மாஸ்டர் அதைக் கூப்பிடுகிற பெயர். மூன்றாவது, ஆறு இலக்கம். நாலாவது, தந்திகளின் சுருதி. ஐந்தாவது, தாள வட்டத்தில் எங்கே வரும். பாடப் புத்தகப் பெயரை எறியவில்லை, கடைசி நிரலுக்குத் தள்ளினோம். இப்போது "நடுவால்" என்பதைத் திறந்தால் அந்த வீட்டுப் படிகள் வரிசையாக இருக்கு: ரே மைனர், தோ, சி பெமோல், லா. அந்த லாவுக்கும் அதே உரசலோடு ஒரு வடிவம் இருக்கு: ×-0-2-3-2-0. மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலால் தடவித் தடவி வாசித்தார். மூன்று பிழை பிடித்தார்.

நாங்கள் ஒன்றும் புதிதாய்க் கண்டுபிடிக்கவில்லை எண்டது பிறகுதான் தெரியவந்தது. பார்சலோனாவுக்குப் பக்கத்தில் மொனிஸ்த்ரோல் ஊரைச் சேர்ந்த ஜுவான் கார்லெஸ் அமாத் என்கிற வைத்தியர் 16ஆம் நூற்றாண்டின் முடிவில் ஒரு சிறு கிற்றார் நூல் எழுதினார். அந்தக் காலக் கிற்றாருக்கு ஐந்து சோடித் தந்தி. அவர் கோர்ட்களுக்குச் சுரப் பெயர் வைக்கவில்லை. 1 முதல் 12 வரை இலக்கம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் விரல் எங்கே என்று எழுதினார். நொட்டேஷன் தெரியாத ஆளும் பாட்டுக்கு வாசிக்கலாம். அந்தப் புத்தகம் இரண்டு நூற்றாண்டு மறுபடி மறுபடி அச்சானது. பிளமெங்கோவுக்கு என்றே 1902 இல் ரஃபாயெல் மரின் மாட்ரிட்டில் ஒரு பயிற்சி நூல் போட்டார். எழுதி வைக்கிற ஆசை பழைய ஆசை.

இனித்தான் பெரிய சண்டை வருகுது.

அட்டவணையில் "எங்கிருந்து" என்று ஒரு நிரல் வைத்திருந்தேன். ஆட்கள் வெறுமையாய் விட்டால் அதுவாகவே "மரபு" எண்டு நிரப்பும். அப்படி நான்தான் அமைத்தேன். ஏறக்குறைய எல்லா வரியிலும் "மரபு, மரபு, மரபு".

போன வருடம் எங்கட வகுப்பில் கொஞ்ச நாள் இருந்த ஒருவர் அட்டவணையை அப்படியே எடுத்து, அழகாய் வடிவமைத்து, தன்ர பெயரைப் போட்டு மின்னூலாக விற்கத் தொடங்கினார். 18 யூரோ. நாங்கள் கோபமாய் எழுதினோம். அவர் நிதானமாய்ப் பதில் எழுதினார்: "உங்கள் அட்டவணையிலேயே மரபு என்றுதானே இருக்கிறது. மரபு எல்லோருக்கும் சொந்தம். நான் யாருடைய பெயரைப் போடவேண்டும்?"

தோழர்களே, அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை.

அந்த வியாழன் ஒருத்தரும் கிற்றாரைத் தொடவில்லை. சிலர் சட்ட நடவடிக்கை எண்டினம். சிலர் விடுங்கோ, பரவினால் நல்லதுதானே எண்டினம். நான் சட்டத்தைப் படித்துக்கொண்டு போயிருந்தேன். ஒரு தனிக் கோர்ட்டுக்கு யாரும் பதிப்புரிமை கேட்க முடியாது. அது நல்லது, அப்படித்தான் இருக்கவேணும். ஆனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் 1996 இல் வந்த ஒரு சட்டப்படி, தரவுத்தளத்துக்குத் தனியாக ஒரு உரிமை உண்டு. அந்த உரிமை யாருக்கு? தரவைச் சேகரிக்கவும் ஒழுங்குபடுத்தவும் கணிசமான முதலீடு போட்டவருக்கு. 15 வருடத்துக்கு.

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கோ. கோர்ட்டைத் தந்த மாஸ்டருக்கு அதில் இடம் இல்லை. அவருக்குச் சொல்லிக் கொடுத்த ஆளுக்கும் இல்லை. சட்டத்தின் கண்ணில் உரிமைக்காரர், கணினிக்கு முன்னால் இருந்து தட்டின ஆள். அதாவது வழக்குப் போட்டால், நான் போடவேணும், என்ர உரிமை எண்டு. மின்னூல்காரர் செய்ததும் அதுதான், நான் செய்யக்கூடியதும் அதுதான். இரண்டு பேரும் "மரபு" எண்ட ஒரு சொல்லைப் போட்டு மாஸ்டரை அழித்துவிட்டோம்.

அக்கா அப்போது ஒன்று சொன்னா. "யாரையும் கேட்காமல் எடுத்தால் அதுக்குப் பேர் மரபு" எண்டு.

அவ சும்மா சொல்லவில்லை. 1749 ஜூலை 30, அரசர் ஆறாம் ஃபெர்நாந்தோவின் காலம். ஸ்பெயின் முழுக்க ஹிதானோக்களை ஒரே நேரத்தில் சுற்றிவளைத்துப் பிடித்தார்கள். ஆண்களைக் கடற்படைத் தளங்களுக்குக் கட்டாய வேலைக்கு அனுப்பினார்கள், பெண்களையும் குழந்தைகளையும் பிரித்து வேறு இடங்களில் அடைத்தார்கள். சிலர் வெளியே வரப் பதினைந்து வருடத்துக்கு மேல் போனது. அந்த மக்களும், அவர்களோடு ஒரே தெருவில் இருந்த ஏழை அந்தலூசியர்களும் சேர்ந்து உண்டாக்கின இசை இது. 2010 இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் அருவ மரபுரிமை எண்டு அறிவித்தது. மனிதகுலம் முழுக்கச் சொந்தம் கொண்டாடலாம். ஆனால் அக்காவின் மகனை வாடகை வீடு பார்க்கப் போனால் குடும்பப் பெயரைக் கேட்டுவிட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அவவுக்கு இந்த இரண்டும் ஒரே செய்திதான்.

நாங்கள் வழக்குப் போடவில்லை. "மரபு" எண்ட சொல்லைத் தூக்கினோம். அதற்குப் பதிலாய் இரண்டு கேள்வி: யாரிடம் படித்தாய்? அவர் யாரிடம் படித்தார்? இரண்டாவதற்கு விடை இல்லாவிட்டால் வெறுமையாய் விடலாம், ஆனால் முதலாவதுக்குப் பெயர் இல்லாமல் ஒரு வரியும் ஏறாது. இதைக் கேட்டு நிரப்ப நாலு மாதம் எடுத்தது. மாஸ்டருக்குத் தொலைபேசி எடுத்து எடுத்துக் கேட்டோம். ஒரு கோர்ட் அவருடைய ஊர்ச் சவரக்காரரிடம் படித்தது. இன்னொன்று தொழிற்சாலையில் இரவு வேலையில் கூட இருந்தவர் காட்டினது. ஐந்து ஆறு கோர்ட் பாக்கோ தே லூசியாவின் இசைத்தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுப் பிடித்தது. அதையும் அப்படியே எழுதினோம். கிரியேட்டிவ் காமன்ஸில், பெயர் சொல்லவேணும், அதே நிபந்தனையில்தான் பகிரவேணும் என்கிற உரிமத்தின் கீழ் வெளியிட்டோம். யாரும் எடுக்கலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் அந்தப் பெயர்களும் கூடப் போகவேணும், எடுத்ததைப் பூட்டி வைக்க ஏலாது.

இன்னொரு சண்டை நான் தோற்ற சண்டை. எல்லாம் நிரப்பின பிறகு மாஸ்டர் இரண்டு வரியைக் காட்டி, "இதை எடுத்துவிடு" எண்டார். செத்துப்போன தம்பியின் வாசிப்பில் வருகிற வடிவங்கள். "அது அவன்ர பிள்ளைக்கு. அவன் தர விரும்பினால் தரட்டும்." நான் விடவில்லை. அறிவு திறந்திருக்கவேணும், குடும்பச் சொத்தாய்ப் பூட்டினால் அதுவும் தனியுடைமைதானே எண்டு வாதாடினேன். இந்தக் கூட்டில் படிச்ச வசனம் எல்லாம் எடுத்துவிட்டேன். வாக்கெடுப்பில் ஏழுக்கு நாலு. இரண்டு வரியும் போனது.

அன்றைக்கு எனக்குச் சரியான கோபம். இப்போது இப்படி நினைக்கிறேன்: ஒரு நிறுவனம் இலாபத்துக்குப் பூட்டுவதும், எல்லாவற்றையும் தந்த ஒரு மனுசன் இரண்டே இரண்டைத் தம்பியின் பிள்ளைக்கு விடச் சொல்லிக் கேட்பதும் ஒன்றில்லை. இல்லை எண்டு சொல்ல முடியாதவரிடம் வாங்கினதைப் பகிர்வு எண்டு சொல்ல எனக்கு இப்ப வாய் வருகுதில்லை. உங்களில் சிலர் உடன்படமாட்டீங்கள், கேள்வி நேரத்தில் கதைப்பம்.

அட்டவணையால் செய்ய முடியாததையும் சொல்லவேணும். சொலேயா என்கிற வகைக்குப் பன்னிரண்டு அடி வட்டம். அழுத்தம் 3, 6, 8, 10, 12 இல் விழும். "ஃபா" வுக்கு 3 இல் போய், 10 இல் வீட்டுக்கு வராவிட்டால், விரல் எவ்வளவு சரியாய் இருந்தாலும் அது சொலேயா இல்லை. அதை எழுதினோம், ஆனால் எழுத்தைப் படித்து ஒருத்தரும் பழகவில்லை. மேசையில் விரல் முட்டியால் தட்டித் தட்டித்தான் பழகினோம். வலது கை வீச்சு அட்டவணையில் இல்லவே இல்லை. அட்டவணை வகுப்புக்கு உதவும், வகுப்புக்குப் பதிலாகாது. அந்தப் பின் அறையின் வாடகையை யார் கட்டுவது எண்டதும் இந்தச் சேகரிப்பின் ஒரு பகுதிதான்.

இப்போது 212 வரி இருக்கு. அதில் 64 மாஸ்டரிடம் இருந்து வந்தவை. அவருடைய விரல் சரிவரவில்லை. அவர் கதிரையில் இருக்கிறார். அந்த எக்குவதோர்ப் பெடியன் பக்கத்தில் இருந்து வடிவத்தைப் பிடிக்கிறான். அவர் அவன்ர விரலைத் தொட்டு ஒரு மெட்டு தள்ளி வைக்கிறார். நான் எழுதுறன்.

கடைசியாய் ஒன்று. எங்கட கூட்டிலும் வீட்டுப் பாட்டுகள், தாலாட்டு, ஒப்பாரி எல்லாம் சேகரிக்கவேணும் எண்டு ஒரு யோசனை ஓடுது. நல்ல யோசனை. ஆனால் படிவத்தைத் தயாரிக்க முதல் மூன்று விசயம் பேசித் தீர்ப்பம். அம்மம்மா அந்தப் பாட்டை எந்தப் பெயரில் கூப்பிடுறாவோ, அந்தப் பெயரில் அவவே தேடி எடுக்க ஏலுமா? "நாட்டார் பாடல்" எண்டு எழுத முதல் அவவின்ர பெயரையும், அவவுக்குச் சொல்லிக் கொடுத்தவரின் பெயரையும் கேட்டமா? அவ ஒரு பாட்டை வேண்டாம் எண்டால், எடுத்துவிட நாங்கள் தயாரா?

மூன்றாவதில் எனக்கே இன்னும் சண்டை இருக்கு. அதனால்தான் இண்டைக்கு வந்தேன்.